மறைப்பும் விளக்கமும்: தாள்வெட்டுச் சித்திரங்களை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

ஒளி பொருள்களை விளக்கும், இருள் மறைக்கும். இது யாவரும் உடன்படுவது. ஆயின், ஒளியை ஓரளவிற்கு மறைத்தலானே பொருள் விளக்கமுறுதலும் உண்டோ எனவும், உண்டாயின் அம்மறைப்பைக் குற்றமென்பதோ குணமென்பதோ எனவும் வினவப்புகின், விடை அத்துணை எளிதாகத் தோன்றவில்லை. இறைவனுடைய ஐந்தொழில்களுள் மறைத்தலும் அருட்செயலே என்று நம் சாத்திரங்கள் ஒருதலையாகக் கூறுகின்றன. அதனை நாம் பலகாலும் ஓதுகின்றோம், பிறர்க்கும் ஓதுவிக்கின்றோம். எனினும், 'மறைப்பது எவ்வாறு அருளாகும்?' என்று மாணாக்கன் ஒருவன் நேர்நின்று வினவினால், நூற்சொற்களையே மீண்டும் எடுத்துக் கூறுவதன்றி, அவனுள்ளம் கொள்ளுமாறு ஓர் உவமை காட்ட வல்லார் நம்முட் சிலரே. அண்மையிற் போடிநாயக்கனூரில் யாம் கண்ட கைத்தொழில் ஒன்று இவ்வினாவைப் புதிதாக எம்முன் நிறுத்திற்று. அதனோடு எம்முடைய பிழைத்தீர்ப்பு ஒன்றையும் எமக்கே வெளிப்படுத்திற்று. இரண்டையும் அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

மதுரையினின்று போடிநாயக்கனூர்க்கு 1928-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. பாதையை அகலமாக்குதற்பொருட்டுப் பல்லாண்டு நின்றிருந்த வண்டி 2023 ஜூன் திங்களில் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அவ்வண்டியிற் சென்று இறங்கி, ஏலக்காய் மணம் வீசும் தெருவொன்றின் வழியே எம் நண்பரது இல்லம் புக்கோம். அவர் பள்ளியில் ஓவியம் பயிற்றி ஓய்வுற்றவர். சித்தாந்த நூல்களிற் பற்றுடையர். சொல் மிகுதியாக ஆடாதவர். ஏலமலைத் தோட்டங்களிற் கூலிவேலை செய்வாரது வாழ்வைப் பொருளாகக்கொண்ட புதினம் ஒன்றிற்குப் படங்கள் அமைத்துத்தருமாறு அதன் ஆசிரியர் அவரை வேண்டியிருந்தார். கோலாலும் வண்ணத்தாலும் எழுதுதலை விடுத்து, வெள்ளைத் தாள்களை வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பின்னின்று விளக்கேற்றி, அத்தோற்றத்தை ஒளிப்படமாக்கி நூலிற் சேர்ப்பதென அவர் துணிந்திருந்தார். அவ்வாறு பன்னிரண்டு இயல்களுக்குப் பன்னிரண்டு பெட்டிகள். யாம் சென்றபோது ஒன்பது முடிந்திருந்தன.

அத்தொழிலின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பின்னர்க் கூறப்போவன அதனைப் பற்றுக்கோடாக உடையன. ஒரு சாண் உயரமுள்ள மரப்பெட்டி. அதன் பின்புறத்திற் சிறு எல்.இ.டி. விளக்குகள் ஒட்டிய நாடா. அவ்விளக்குகளின் புள்ளிகள் தனித்தனியே தோன்றாமைப்பொருட்டு அவற்றின்முன் ஒரு மங்கல் தாள். அதன்முன், விரற்கடைக்குக் குறைந்த இடைவெளி விட்டு, ஏழு தாள்கள் வரிசையாக நிற்கும். சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம் வரை எடையுடைய தாளையே அவர் கொள்கின்றார். அதனினும் தடித்தால் ஒளி ஊடுருவாது. மெலிந்தால் வெட்டிய நுண்பகுதிகள் துவளும். ஏழு தாளும் ஒரே வெள்ளை. மையோ வண்ணமோ எதிலும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் சிறு பிளவுகளையுடைய வெள்ளைத் தாள்களன்றி வேறொன்றும் காண்பதற்கில்லை. விளக்கேற்றிய மாத்திரையில் அவ்வெண்மை நீங்கிப் பொன்னிறமும், செந்நிறமும், கருமையும் படிப்படியாகத் தோன்றுகின்றன. தாள் எல்லாவற்றிலும் திறப்புள்ள இடம் பேரொளி. ஒரு தாள் மட்டும் நிற்குமிடம் மங்கிய ஒளி. மூன்று நான்கு தாள்கள் ஒன்றன்மேலொன்று நிற்குமிடம் நிழல். ஏழும் நிற்குமிடம் கரி. அங்ஙனமாக, மலைக்குப் பின் மலையும், அதன்பின் மற்றொரு மலையும், அண்மையிலுள்ளது கருமையாயும் சேய்மையிலுள்ளது வெளிறியும் தோன்றுகின்றன. போடிநாயக்கனூரில் நின்று மாலைப்பொழுதில் மேற்றிசையை நோக்குவார் மலைத்தொடரை இவ்வாறே காண்பர்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுளது. முன்னே நிற்கும் தாளிலமைந்த உருவம் கருமையுறுதல் அத்தாளின் குணத்தானன்று. அதன்பின் நிற்கும் தாள்கள் அவ்விடத்தில் வெட்டப்படாதிருத்தலான் ஆவது. பின்னுள்ளவற்றை அவ்விடத்தே வெட்டிவிடின் முன்னுருவம் வெளிறிப்போம். ஆகவே ஒரு தாளை வெட்டப்புகுவோன் ஏழு தாளையும் உள்ளத்திற்கொண்டே கத்தியை வைத்தல் வேண்டும். இன்னும், இத்தொழிலிற் சேர்த்தல் என்பதே இல்லை; கழித்தல் மட்டுமே உண்டு. எழுதுவோன் பிழைத்தால் அழித்தெழுதலாம். வெட்டுவோன் பிழைத்தால் வேறு தாள் எடுக்க வேண்டியதுதான். மற்றுமொன்று: வெட்டியபின் எஞ்சும் பகுதி ஒவ்வொன்றும் எவ்வழியானும் விளிம்பினைத் தொட்டுநிற்றல் வேண்டும். முகத்தின் நடுவே கண்ணொன்றை அமைக்க விரும்பினால், அக்கண்ணை முகத்தோடு இணைக்கும் மெல்லிய இழையொன்றை விட்டே சுற்றிலும் வெட்டுதல் வேண்டும். அன்றேல் அது கழன்று வீழும். அவ்விழையை அவர் 'பாலம்' என்கின்றார். எதனையேனும் சார்ந்தன்றி நில்லாமையும், சார்ந்ததன் வண்ணமாதலும் உயிரின் இயல்பு எனக் கூறும் சித்தாந்திகளுக்கு அப்பாலம் ஓர் இனிய காட்சியாகும். அதனை யாம் கூறியபோது நண்பர் நகைத்து, 'தத்துவம் அதுவாகுக. எனக்கு அப்பாலத்தாற் கைவலியே மிகுதி' என்றார்.

இத்தொழில் புதிது போலத் தோன்றினும் நிழலாற் கதை காட்டல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் மதுரைப் பக்கத்திலும் தோற்பாவைக்கூத்து நிகழ்த்துவோர் மராத்தி மொழியைத் தாய்மொழியாக உடையர். தஞ்சையில் மராத்தியர் ஆண்ட காலத்தை ஒட்டி இந்நாடு புகுந்தோர் எனக் கருதப்படுவர். அவர்தம் பாவைகள் ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவுமாறு மெலிவித்து வண்ணந்தீட்டியவை. ஆதலின் திரையில் நிழலோடு நிறமும் விழும். மலைத்தொடருக்கு அப்பாற் கேரளத்தில், பாலக்காட்டுப் பகுதியிற் பகவதி கோயில்களின்முன் நிகழும் தோற்பாவைக்கூத்து வேறுவகையது. ஆங்குப் பாவை கருநிழலாகவே நிற்கும். அணியும் ஆடையும் துளைகளின் வழியே வரும் ஒளிப்புள்ளிகளாற் காணப்படும். திரைக்குப் பின்னே நீண்ட பலகையில் 21 விளக்குகளைத் தேங்காய் மூடிகளில் ஏற்றிவைத்துக் கம்பருடைய செய்யுட்களையே ஓதி ஆடுவர். தமிழ்க் காப்பியமொன்று மலையாள நாட்டிற் கோயில் வழிபாடாக நிலைபெற்றமை நாம் மகிழ்தற்குரியது. இக்கலையைக் கோயில் முற்றத்தினின்று உலகரங்கிற்குக் கொண்டுசென்றவருட் சிறந்தவர் கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர்; அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவர்க்கு 2021-ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

அக்கூத்தில் எம்மைப் பெரிதும் ஈர்த்த செய்தி வேறு. தாரகனோடு பொருதிருந்தமையால் இராவண வதத்தைக் காணப்பெறாத காளிக்கு அதனைக் காட்டுதலே அக்கூத்தின் நோக்கமென்பர். அதனால் இரவு முழுதும் திரையின்முன் ஒரு மகனும் இன்றியும் புலவர் ஆடுவதுண்டு. காண்போர் இல்லையென்று விளக்கைக் குறைப்பாரும் இல்லை. செய்யுளை விடுப்பாரும் இல்லை.

மேனாட்டிலும் ஜெர்மானிய அம்மையாராகிய லொட்டே ரைனிகர் என்பார் கரிய அட்டையைக் கத்தரியால் வெட்டி உறுப்புக்களைக் கம்பியாற் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசையின்மேற் கிடத்தி, சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்து, 1926-இல் 'இளவரசர் அகமது' கதையை முழுநீளத் திரைப்படமாக்கினார். மெல்லிய தாள்களை அடுக்கியே அவர் பின்புலத்திற்கு ஆழம் தந்தனர். எம் காலத்தில் அரி, தீப்தி என்னும் இந்தியத் தம்பதியர் வெள்ளைத் தாளடுக்கும் விளக்கும் கொண்டு அமைக்கும் ஒளிப்பெட்டிகள் பல நாட்டினராற் பாராட்டப்பெற்றன. எம் நண்பர் தம் முறையை அவர்களிடமிருந்தே அறிந்ததாகக் கூறினார்.

அன்று மாலை அவ்வில்லத்தில் வேறொரு பெரியாரும் இருந்தனர். ஏகான்மவாதத்திற் பயிற்சி மிக்கவர். எம்மொடு வாதிடுதலிற் பெருவிருப்பினர். பெட்டிகளை நோக்கிய அவர், 'நும் மதம் இங்கே வீழ்ந்தது காணீர். மலையென்றும் மரமென்றும் மாந்தரென்றும் தோன்றுவன எல்லாம் வெறும் நிழல். விளக்கொன்றே உள்ளது. உலகமும் இத்தன்மைத்தே' என்றார். உவமையை எடுத்தாளுதற்கண் அவர் வல்லவரே. ஆயின் உவமையை முழுதும் நோக்கினாரல்லர். தாள் உள்பொருள், வெட்டு உள்பொருள், வெட்டினோன் உளன், காண்போனும் உளன். விளக்கு ஒன்று மட்டும் இருந்து தாள் இல்லையாயின் நிழலும் இல்லை. நிழலை மயங்கி மெய்யென்று கொள்பவன் ஒருவன் உளன் என அவர் கூறுவாராயின், அம்மயங்குவோனும் விளக்கேயோ எனும் வினாவிற்கு அவர் விடைகூறல் வேண்டும். 1313-இல் எழுந்த சங்கற்ப நிராகரணத்தில் உமாபதிசிவாசாரியர் முதற்கண் எடுத்து மறுப்பது மாயாவாதத்தையே என்பதை அன்பர்கள் அறிவர். நாம் உலகினை அசத்து என்னும்போது இல்பொருள் என்று கூறுகின்றிலேம். நிலைபேறின்றித் திரிபெய்துவது என்றே கூறுகின்றோம். விளக்கணைந்தால் நீங்கும் உருவம், தோன்றிய காலத்துப் பொய்யன்று. இவ்வாதம் நெடிதுசென்றது, பழைய வழக்காதலின் இனி விரியேம்.

ஆயின் அப்பெரியார் எழுந்து செல்லும்போது கூறிய ஒரு சொல் எம் நெஞ்சிற் றைத்தது. 'மலநீக்கம் என்கின்றீர். இத்தாள்களை மலமென்று கொள்வீராயின், எல்லாவற்றையும் வெட்டிக் களைந்தபின் எஞ்சுவது படமோ, வெறுஞ் சுடரோ?' வெறுஞ் சுடரே எஞ்சும் என்பது தெளிவு. அங்ஙனமாயின் முத்தியில் உயிர் கெடும் என்ற கருத்திற்கு நம்முவமையே துணைபோகின்றதோ?

இவ்விடர் எழுந்தது தாளை மலமென்று வாளா கொண்டமையான். தாள் ஆணவத்திற்கு உவமையாதற்கு ஏலாது. திருவருட்பயனில் இருண்மலநிலை கூறுமிடத்து, புறவிருள் பிற பொருளைக் காட்டாதாயினும் தன்னையேனும் 'இருள்' என்று காட்டும், ஆணவமோ பிறவற்றையும் காட்டாது தன்னையும் காட்டாது என்று ஆசிரியர் வேற்றுமை செய்தருளினார். பெட்டியிலுள்ள நிழல் தன்னை நிழலென்று காட்டுவது, அதனாற்றான் படமாகின்றது. ஆகவே அது மாயையின் காரியத்திற்கே ஒக்கும். மாயை தந்த உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் ஒருபுறம் மறைத்து ஒருபுறம் விளக்குவன. விடியுந்துணையும் உதவும் விளக்கெனவே மாயையை அந்நூல் கூறும். ஆணவத்திற்கு ஒப்பு வேண்டின் பெட்டியிற் றேடற்க; காண்பான் கண்ணிற் படர்ந்த, தன்னைத் தான் அறியாத பார்வைக்கேட்டினைக் கொள்க. உயிர்க்கு ஒப்புப் படமன்று, கண்ணே. ஒளியில் ஒளியாயும் இருளில் இருளாயும் நிற்கும் கண்ணை உயிர்க்குக் காட்டாகக் கொள்ளுதல் மெய்கண்டார் மரபு. படம் கண்ணின்பொருட்டு, கண் படத்தின்பொருட்டன்று. ஆதலின் தாள் நீங்கப் படம் நீங்குமன்றிக் கண் நீங்காது. இங்கும் ஒளியும் வெட்டுவோனும் வேறாய் நிற்றல் உவமையின் குறை; இறைவன் இரண்டுமாவன். ஒருபுடை உவமை என்று இதனைக் கொண்டு மேற்செல்வோம்.

மறுநாட் காலை நண்பர் எம்மைப் போடிமெட்டிற்கு அழைத்துச் சென்றார். 17 கொண்டை ஊசி வளைவுகளையுடைய அவ்வழியில் வண்டி ஏறுந்தோறும் வெம்மை தணிந்து காற்று ஈரமாகியது. மேட்டைக் கடந்ததும் ஏலத்தோட்டங்கள் தொடங்கின. ஏலச்செடி வெயிலிற் றனித்து வளர்வதன்று. பெருமரங்களின் கீழ்ச் சல்லடையிட்ட ஒளியில் வளர்வது. ஏறத்தாழப் பாதியளவு வெயில் தடுக்கப்படுதல் அதற்கு வேண்டும். நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு நிழல் என்று வேளாண் அறிஞர் கணக்கிடுவர். வெயில் மிகின் இலை வெந்து மஞ்சளாம். நிழல் மிகின் செடி தழைத்து நிற்கும், சரம் காய் பிடியாது. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன் மரமேறி நிழல்மரங்களின் கிளைகளைக் கழிப்பர். அதனைக் கவாத்து என்பர். எந்தக் கிளையை விடுவது, எதனைக் கழிப்பது என்பதை ஆண்டுதோறும் செடியை நோக்கியே துணிவர். இளஞ்செடிக்கு நிழல் சற்று மிகுதியாக விடுவர். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இலையடுக்கின்மேல் இலையடுக்காக, இடையிடையே திறப்புக்களோடு, நண்பரது பெட்டியே வானளவாக விரிந்து நிற்பது போலிருந்தது.

திரோதான சத்தி என்று நூல்கள் கூறுவதன் பொருள் அங்கே எமக்கு ஒருவாறு விளங்கிற்று. அச்சத்தி மலத்தொடு நின்று அதனைத் தொழிற்படுத்தலின் தானும் மலமெனப் பாசங்களுள் வைத்து உபசாரமாக எண்ணப்பட்டது. உண்மையில் அது சிவசத்தியே. நிழல்மரமும் வெயிலுக்குப் பகைபோலத் தோன்றும். ஆயின் அது வெயிலைச் செடிக்கு ஏற்ற அளவினதாக்கி அளிக்கின்றது. உயிர் பக்குவமுறாமுன் பேரொளி முழுதும் புலப்படின் உயிர் அதனைக் காணாது. வினையும் நுகரப்படாது கிடக்கும். மங்கல் தாளும் அடுக்குத் தாளும் இன்றி விளக்கையே நோக்குவான் கண் கூசுதலன்றிக் கதையொன்றும் காண்பதில்லையன்றோ? அளவறிந்து மறைத்தலே இங்கு ஊட்டுதலாகின்றது.

இத்துணையும் எண்ணி மகிழ்ந்து திரும்பினோம். மாலையில் ஒன்பதாம் பெட்டியை நண்பர் ஏற்றிக் காட்டினார். புதினத்தின் நடுவான நிகழ்ச்சி அது. போடி முதலிய ஊர்களினின்று நாள்தோறும் விடியுமுன்னே ஆடவரும் பெண்டிரும் ஜீப்புக்களில் ஏறி மலைத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வது இன்றும் காணும் வழக்கு. கதையில் அத்தகைய ஜீப்பு ஒன்று, கொள்ளும் அளவிற்கு மேலாகப் பதினான்கு பேரை ஏற்றிச் சென்று, பனிமூட்டத்திற் பாதை விலகிப் பள்ளத்தில் வீழ்கின்றது. படத்தில் யாம் கண்டது இது: அடுக்கடுக்காக மலைகள், அவற்றிடையே அலையலையாக வெட்டிய பனி, ஒரு வளைவில் வண்டியின் சிறு கருவடிவம், அதன் முன்விளக்கின் ஒளி மட்டும் பனியைக் கிழித்து வானோக்கி எழுந்து நிற்கின்றது. பார்த்தவுடன் யாம் பேசாதிருந்தோம். பின்னர், 'துயரத்தை மறைத்தே காட்டிவிட்டீர். காலையில் யாம் கண்ட உண்மைக்கு இதுவே இலக்கியம்' என்று புகழ்ந்தோம். திரோதானத்தைப் பற்றி நெடிது பேசவும் செய்தோம்.

அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர் அப்போது அங்கே வந்திருந்தார். நாள்தோறும் மலைக்குக் காயெடுக்கச் செல்பவர். அவர் பெட்டியை நெடுநேரம் பார்த்து, 'ரொம்ப நல்லாருக்குய்யா. ஆனா ஜீப்புக்குள்ள ஆளு இருக்கதே தெரியலையே?' என்றார். வேறொன்றும் கூறவில்லை.

யாம் நாணினோம். படத்தில் மறைந்தது வீழ்ச்சியின் கொடுமை மட்டுமன்று. பதினான்கு பேரும் மறைந்தனர். அவர்கள் அளவின்றி ஏற்றப்பட்டமையும் மறைந்தது. ஏற்றினோரது பேராசையும் அப்பனியினுட் புகுந்துகொண்டது. அம்மறைப்பு அத்துணை அழகியதாயிருந்தமையின், ஒன்று மறைக்கப்பட்டுள்ளது என்பதே எமக்குத் தோன்றவில்லை. முதல்நாள் மாலை எம் வாயாற் கூறிய திருவருட்பயன் கருத்து எம்மையே சுட்டிற்று. பிறவற்றையும் காட்டாது, தான் மறைக்கின்றமையையும் காட்டாது நிற்பது எதுவோ அது அருளின் மறைப்பன்று, மற்றையதன் இனம். பெட்டியின் நிழலில் அஃதில்லை என்று வாதிட்ட யாம், எம் கண்ணில் அதனை உடையராயிருந்தோம்.

'அற்றேல், இறைவன் மறைத்தலும் உயிர்க்குப் புலனாவதில்லையே. அதனையும் இவ்வளவைகொண்டு குற்றமென்னலாமோ?' எனின், அற்றன்று. இறைமறைப்பு இன்பதுன்பங்களை ஊட்டி, ஊட்டுந்தோறும் 'இது நிரம்பவில்லை' என்னும் குறையை உயிரின்கண் எழுப்புவது. அக்குறையுணர்வே பின் தேடலாகின்றது. ஆணவமோ குறையையே குறையெனத் தோன்றவொட்டாது. மறைப்பவற்றுள் இவ்விரண்டினையும் பகுத்தறிதற்கு யாம் இப்போது கொள்ளும் அளவை இதுவே: மறைக்கப்பட்டதன் வடிவமேனும் மறைப்பின்கண் எஞ்சிநிற்கின்றதா? காண்போன், 'ஈண்டு இன்னும் ஒன்று உளது' என்று உணர்கின்றானா? உணர்வனேல் அவன்முன் இட்டது திரை. உணரானேல் அது சுவர்.

இவ்வளவை படத்திற்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. அதிகாரிக்கேற்ப ஞானத்தைப் படிப்படியாக உணர்த்துதல் நம் மடங்களின் தொன்மரபு. சரியையில் நிற்பானுக்கு ஞானபாதத்தை வாரி இறைத்தல் இளஞ்செடியின்மேல் வெயிலை விடுதல் போலும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், மாணாக்கனது பக்குவம் நோக்கி மறைத்தலும், ஆசிரியன் தனக்கு விடைதெரியாமையையோ நிறுவனத்தின் குறையையோ மூடுதற்கு 'நீ இன்னும் பக்குவமுற்றிலை' என்று கூறி மறைத்தலும் வெளியே ஒன்றுபோலத் தோன்றுவன. முன்னையவன் தான் மறைத்ததனைத் தக்க பொழுதில் தானே திறப்பான். பின்னையவன் கவாத்துக் காலத்தும் மரத்தில் ஏறான். இதனை யாரையும் சுட்டிக் கூறுகின்றிலேம். எம்மையும் உள்ளடக்கியே கூறுகின்றோம்.

நண்பர் அம்மையாரது சொல்லிற்கு மறுமொழி கூறவில்லை. ஆனால் அன்றிரவே பெட்டியைக் கழற்றினார். வண்டியின் பக்கத்தை மட்டும் வெட்டித் திறந்தாற் போதுமே என்றோம். போதாதென்றார். முன் தாளில் எத்துணைப் பெரிய திறப்பு அமைப்பினும், பின்னுள்ள மலையும் பனியும் அவ்விடத்தே திறவாதாயின் ஒளி வாராது. வண்டி முன்போற் கருமையாகவே நிற்கும். மலைத்தாள் இரண்டும், பனித்தாள் இரண்டும், வண்டி அமைந்த தாளுமாக ஐந்தனை அவர் புதிதாக வெட்டவேண்டியதாயிற்று. பனியை அவ்விடத்தில் விலக்க அவர்க்கு மனமில்லை. அஃது அவருடைய ஒரு மாத வேலை. எஞ்சிய படங்கள் அனைத்தினும் அதனையே அவர் விரும்பியிருந்தார். எனினும் விலக்கினார். வீழ்ச்சியைக் காட்டவேண்டுமோ என்று வினவினோம். 'வேண்டா. விழுவதைக் காட்டினாற் பார்ப்பவர் அதையே பார்ப்பார்கள். ஏறியிருப்பதைப் பார்க்கமாட்டார்கள்' என்றார். பள்ளத்தை மூடிய பனி அவ்வாறே இருக்க, வண்டியின் பக்கம் திறந்தது. தலைகளும் தோள்களும், தூக்குச்சட்டிகளைத் தாங்கிய கைகளும் நெருங்கிய நிழல்களாக எழுந்தன. ஒவ்வொரு தலையையும் அடுத்த தோளோடு சேர்த்து நிறுத்தும் பாலம் அவர்க்குத் தனியே தேவைப்படவில்லை. அத்துணை நெருக்கமாக அவர்கள் இருந்தனர்.

இரு திங்கள் கழித்து மீண்டும் போடிக்குச் சென்றோம். பன்னிரண்டு பெட்டிகளும் ஒளிப்படமாகி அச்சிற்குச் செல்லும் நிலையில் இருந்தன. அச்சுத்தாளிற் பின்னொளி இல்லாமையால், ஒளியென்று படிப்போர் காண்பது மைபடாத வெற்றிடமாகவே இருக்கும். அதனை எண்ணி நண்பர் சிறிது வருந்தினார். தாளின் நிறத்தைப்பற்றி அச்சகத்தாரோடு ஓயாது பேசிக்கொண்டிருந்தார். யாம் புறப்படும் மாலையில் அடுத்த வீட்டு அம்மையார் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்து, ஒன்பதாம் பெட்டியை ஒருமுறை ஏற்றிக்காட்டும்படி கேட்டார். விளக்கு ஏறியது. சிறுமி முகத்தை மிக அண்மையிற் கொண்டுசென்று விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். பதினொன்று வரை எண்ணினாள். பின்னர்ச் சிறிது நேரம் பார்த்து, 'பின்னாடி இன்னும் ஆளு இருக்காங்கம்மா' என்றாள்.